ஸ்டஃபிங் வைத்த ஆம்லெட்டும் முட்டை கேசரோலும்: காலை வேளைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆம்லெட்டுக்குள் காளானும் கீரையும் வைத்து மடித்துத் தட்டில் போட்ட கொஞ்ச நேரத்தில், ஓரத்தில் கலங்கலாகத் தண்ணீர் கசியும். பிரெட், ஸ்டஃபிங் எல்லாம் அடுக்கி முட்டையும் பாலும் ஊற்றி ஓவனில் சுடுகிற கேசரோல் என்றால் மேலே நல்ல பொன்னிறம் இருக்கும், வெட்டிப் பார்த்தால் அடியில் சொதசொதப்பு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அடித்த முட்டை 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே கெட்டிப்பட்டுவிடும். சூடான சட்டியில் அதற்கு இரண்டு நிமிடம் போதும். வெங்காயம் பதமாக வதங்க ஏழெட்டு நிமிடம் வேண்டும், காளானில் ஈரம் வற்றப் பத்து நிமிடம், உருளைக்கிழங்குக்கு அதற்கும் மேலே. எனவே முட்டையை உடைக்கும் முன்பே உள்ளே போகிற பொருள் வெந்து, வற்றி, உப்புக் காரம் சரியாகி, தனியாக எடுத்துச் சாப்பிடும் பக்குவத்தில் இருக்க வேண்டும். ஆம்லெட்டைத் திருப்பும் கைப்பழக்கமெல்லாம் இதற்கு அடுத்ததுதான்.

முட்டையைத் தயார் செய்வது

நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண முட்டை ஓடு நீக்கினால் 45 முதல் 50 கிராம் வரும். ஸ்டஃபிங் வைக்கிற ஆம்லெட்டுக்கு ஆளுக்கு மூன்று முட்டை எடுங்கள். இரண்டில் செய்தால் தோல் மெல்லியதாகி மடிக்கும்போது கிழியும். மூன்று முட்டைக்குச் சட்டியின் அடிப்பாகம் 20 செ.மீ. அளவில் இருந்தால் சரியாக இருக்கும். பெரிய தோசைக்கல்லில் ஊற்றினால் பரவிப்போய், மடிக்கும் முன்பே மொரமொரப்பாகிவிடும்.

மூன்று முட்டைக்குக் கால் டீஸ்பூன் தூள் உப்பு. இதை அடுப்பில் ஊற்றுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே போட்டு அடித்து வைத்துவிடுங்கள். கிண்ணத்தைக் கவனித்தால் தெரியும்: மங்கலான மஞ்சளாக, கொழகொழவென்று இருந்த கலவை மெல்ல ஆரஞ்சு சாயலுக்கு மாறி, பளபளப்பாகி, நீர்த்து ஓடும். முட்டையின் புரதங்கள் வேகும்போது ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு தண்ணீரைப் பிழிந்து தள்ளும். உப்பு அந்த இறுக்கத்தைக் குறைக்கிறது. முட்டையிலிருந்தே கசியும் நீர் இதனால் குறையும், ஆம்லெட்டும் ரப்பர் மாதிரி ஆகாது. முன்னதாக உப்புப் போட்டால் முட்டை கெட்டியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஒருமுறை இரண்டு கிண்ணமாக வைத்துச் செய்து பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம்.

முள்கரண்டியால் அடித்தாலே போதும். வெள்ளைக்கருத் திட்டுகள் தெரியாமல் கலந்ததும் நிறுத்திவிடுங்கள். நுரை பொங்க அடிப்பது மதுரைக் கரண்டி ஆம்லெட்டுக்கு நல்லது. குழிக்கரண்டியில் அது உப்பித்தான் வர வேண்டும். மடிக்கிற ஆம்லெட்டில் நுரை, ஓட்டை ஓட்டையாகி ஸ்டஃபிங்கைக் கீழே விட்டுவிடும். ஆம்லெட்டுக்குப் பால் வேண்டாம். பாலுக்கு வேலை இருப்பது கேசரோலில்.

ஸ்டஃபிங்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று முட்டைக்கு வெந்த ஸ்டஃபிங் அரை கப்புக்கு மேல் போகக் கூடாது. நிறைய வைத்தால் நிறைவாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் மடிக்க முடியாது. வயிறு நிறையவேண்டுமென்றால் பக்கத்தில் இரண்டு துண்டு பிரெட் வையுங்கள்.

காளான். எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால் இதுதான் முதல் குற்றவாளி. 150 கிராம் காளானைத் துண்டாக்கி, அகலமான சட்டியில், எண்ணெய் இல்லாமல், நல்ல தீயில் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் விட்டுக் கொதிக்க ஆரம்பிக்கும். கிளறிக்கொண்டே இருங்கள். கொதிக்கிற சத்தம் அடங்கி, சட்டி கொஞ்ச நேரம் அமைதியாகி, பிறகு சுருசுருவென்று வறுபடும் சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் ஒரு டீஸ்பூன் வெண்ணெய், நசுக்கிய பூண்டு இரண்டு பல், மிளகுத்தூள், உப்பு. 150 கிராம் போட்டது ஒரு கைப்பிடியாகச் சுருங்கியிருக்கும். அதுதான் சரியான அளவு.

கீரை. பாலக்கானாலும் அரைக்கீரையானாலும், வதக்கி, ஆறவிட்டு, இரண்டு கையாலும் பிழிந்துவிட்டு நறுக்குங்கள். பிழிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், ரசத்தில் போகட்டும்.

தக்காளி. பச்சையாக வைக்க ஆசைப்பட்டால் விதையும் சாறும் உள்ள நடுப்பகுதியை விரலால் வழித்து எடுத்துவிட்டுச் சதையை மட்டும் பொடியாக நறுக்குங்கள். அதைவிட, எண்ணெய் பிரியச் சுண்ட வதக்கிய தக்காளித் தொக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வைப்பது என் கட்சி. ருசியும் அதிகம், ஈரமும் கிடையாது.

உருளைக்கிழங்கு. வேகவைத்து, ஆறிய பிறகு சின்னச் சதுரமாக வெட்டி, ஓரம் சிவக்க வறுத்தது. நேற்றைய உருளைக்கிழங்கு வறுவல் மீதி இருந்தால் வேலையே இல்லை.

அசைவம். கொத்துக்கறி, சிக்கன் சுக்கா, எறா தொக்கு என எதுவானாலும் குழம்பு ஒட்டாமல் சுண்டியிருக்க வேண்டும். மதுரைக் கறிதோசையில் முட்டையின் மேல் பரப்புகிற கொத்துக்கறி எந்தப் பக்குவத்தில் இருக்கிறதோ, அதேதான் இங்கேயும். 100 கிராம் கொத்துக்கறியைச் சோம்பு, சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மிளகு போட்டு வேகவைத்துத் தண்ணீர் முழுக்க வற்றியபின், ஒரு டீஸ்பூன் எண்ணெயில் மறுபடி புரட்டி எடுங்கள். இரண்டு ஆம்லெட்டுக்கு வரும்.

அமெரிக்க உணவகங்களில் டென்வர் ஆம்லெட் என்று ஒன்று கிடைக்கும். வெஸ்டர்ன் ஆம்லெட் என்றும் சொல்வார்கள். பொடியாக வெட்டிய ஹாம், வெங்காயம், பச்சைக் குடைமிளகாய் ஆகிய மூன்றும்தான் அதன் அடையாளம், மேலே பெரும்பாலும் செடார் சீஸ். ஹாம் கிடைக்காத ஊரில் சிக்கன் சாஸேஜ் வைத்துச் செய்யலாம். குடைமிளகாய் பல்லில் லேசாகக் கடிபடும் அளவுக்கு மட்டும் வதங்கினால் போதும்.

சீஸ் ஸ்டஃபிங்கின் மேலே போடுவதல்ல, அடியில் போடுவது. முட்டையின் மேல் நேரடியாகத் துருவிப் போட்டால் உருகிப் பசைபோல் பிடித்து, காய் உதிராமல் வைத்திருக்கும். துண்டு சீஸைவிடத் துருவல் சீக்கிரம் உருகும். நம் ஊர் பதப்படுத்திய சீஸ் மொசரெல்லா மாதிரி இழுபடாது, ஆனால் உப்பும் ருசியும் நன்றாகவே இருக்கும். அதைப் போடும்போது முட்டைக்கு உப்பைப் பாதியாகக் குறையுங்கள். பனீர் உருகாது. உதிர்த்து, மிளகும் கொத்தமல்லியும் சேர்த்துப் பிசிறி வைக்கலாம்.

இவ்வளவு சொன்னபிறகு ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். கொங்கு நாட்டுப் பரோட்டாக் கடைகளில் கிடைக்கும் கலக்கியில், அடித்த முட்டையோடு சால்னாவையே ஊற்றுகிறார்கள். கல்லில் விழுந்த கொஞ்ச நேரத்தில், பாதி வெந்தும் வேகாமலும் சுருட்டி இலையில் போட்டுவிடுவார்கள். அதற்கு அழகே அந்தக் கொழகொழப்புதான். மாஸ்டர் கையிலிருந்து நேராக வாய்க்குப் போவதால் தண்ணீர் பிரிய நேரமே இல்லை. வீட்டில் நாலு பேருக்குப் பரிமாறும் ஆம்லெட்டில் அந்த வித்தை எடுபடாது.

ஆம்லெட்டை ஊற்றி மடிப்பது

ஸ்டஃபிங் சூடாகப் பக்கத்தில் இருக்கட்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை ஜில்லென்று வைத்தால் அது சூடேறும் முன்பே முட்டை வெந்து முடிந்துவிடும்.

1. சட்டியை மிதமான தீயில் ஒன்றரை நிமிடம் காயவிடுங்கள். நான்ஸ்டிக் சட்டியை வெறுமனே பெரிய தீயில் வைக்காதீர்கள், பூச்சு கெட்டுவிடும்.

2. ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய் போடுங்கள். நுரைத்து, நுரை அடங்கும் நேரம்தான் முட்டை ஊற்றும் நேரம். வெண்ணெய் பழுப்பாகிவிட்டால் சூடு அதிகம், சட்டியை ஒரு நிமிடம் இறக்கி வையுங்கள். எண்ணெயானால் ஒரு சொட்டு முட்டையை விட்டுப் பாருங்கள். உடனே வெளுத்துப் படிய வேண்டும், பொரியக் கூடாது.

3. முட்டையை ஒரேயடியாக ஊற்றிப் பத்து விநாடி விடுங்கள். ஓரம் வெளுத்ததும் தோசைத் திருப்பியால் ஓரத்தை நடுவுக்குத் தள்ளி, சட்டியைச் சாய்த்து, மேலே நிற்கும் பச்சை முட்டை காலியான இடத்தில் ஓடும்படி செய்யுங்கள். நாலு பக்கமும் இப்படி. நம் வழக்கப்படி ஊற்றியதைத் தொடாமல் விட்டால் அடி சிவந்து மேலே பச்சையாக நிற்கும், அப்புறம் திருப்பிப் போடத்தான் வேண்டும். ஸ்டஃபிங் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவது கிடையாது.

4. மேற்பரப்பு பளபளவென்று ஈரமாக இருக்க வேண்டும், சாய்த்தால் ஓடக் கூடாது. அந்தக் கட்டத்தில் தீயைச் சிம்மில் வைத்து, சீஸை முழுக்கத் தூவி, ஸ்டஃபிங்கைக் கைப்பிடிக்கு எதிர்ப்பக்கத்துப் பாதியில் பரப்புங்கள்.

5. வெறும் பாதியை அதன் மேல் மடித்து, முப்பது விநாடி விட்டு, சட்டியைத் தட்டின் மேல் சாய்த்துச் சரியவிடுங்கள். கரண்டியால் தூக்கினால் நடுவில் உடையும்.

மேலே ஈரமாக இருக்கும்போதே மடிப்பதா என்று வீட்டில் கேள்வி வரும். உள்ளே அடைபட்ட சூட்டிலேயே அது வெந்துவிடும். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடுவதானால் மடிக்கும் முன் ஒரு மூடி போட்டு நாற்பது விநாடி வையுங்கள். ஈரம் முழுக்கப் போய்விடும், கொஞ்சம் மென்மை குறையும், பரவாயில்லை.

நாலு பேர் என்றால் பன்னிரண்டு முட்டையை மொத்தமாக அடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய குழிக்கரண்டி, அதாவது 140 மில்லி அளவு எடுத்து ஊற்றுங்கள். ஒன்றுக்கு மூன்று நிமிடம். ஆறு முட்டையை ஒரே சட்டியில் ஊற்றிப் பெரிய ஆம்லெட் போட்டு வெட்டிக் கொடுக்கலாம் என்பது நடக்காத காரியம். நாலு பேருக்கு மேல் போனால் ஆம்லெட்டை விட்டுவிட்டுக் கேசரோலுக்கு வந்துவிடுங்கள். ஆம்லெட் செய்பவர் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை அடுப்படியிலேயே நிற்க வேண்டும்.

பிரெட் கேசரோல்: ராத்திரியே முடிகிற வேலை

விருந்தாளிகள் தங்கியிருக்கும் நாட்களுக்கு இதைவிடச் சௌகரியமான காலைச் சாப்பாடு கிடையாது. அமெரிக்காவில் ஸ்ட்ராட்டா என்பார்கள். கிறிஸ்துமஸ் காலையில் பல வீடுகளில் இதுதான் ஓவனில் இருக்கும். முந்தின நாள் இரவே அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவதால் காலையில் சுடுவது மட்டும்தான் பாக்கி.

20 செ.மீ. சதுரமும் 5 செ.மீ. ஆழமும் உள்ள பாத்திரத்துக்கு, ஆறு பேருக்கு: பிரெட் 200 கிராம் (ஏழெட்டுத் துண்டு), முட்டை 6, பால் 350 மில்லி, வெந்து வற்றிய ஸ்டஃபிங் ஒன்றரை கப், துருவிய சீஸ் 100 கிராம், உப்பு முக்கால் டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், தடவ வெண்ணெய்.

பழைய பிரெட்தான் நல்லது. புதுசானால் ஒரு அங்குலத் துண்டுகளாக்கி 150 டிகிரி ஓவனில் பத்து நிமிடம், அல்லது தோசைக்கல்லில் சிம்மில் புரட்டிக் காயவையுங்கள். காய்ந்த பிரெட் பாலையும் முட்டையையும் உறிஞ்சிக்கொண்டு உருக்குலையாமல் நிற்கும், ஈரப் பிரெட் கூழாகிவிடும். நம் பேக்கரிகளின் மில்க் பிரெட் இனிப்பாக இருக்கும். கொத்துக்கறியோடு அது ஒட்டாது, கோதுமை பிரெட்டோ உப்பு பன்னோ வாங்குங்கள்.

பாத்திரத்தில் வெண்ணெய் தடவி, பாதிப் பிரெட், அதன் மேல் ஸ்டஃபிங் முழுவதும், பாதி சீஸ், மீதிப் பிரெட் என்று அடுக்குங்கள். முட்டை, பால், உப்பு, மிளகைக் கலந்து மெதுவாக எல்லாப் பக்கமும் ஊற்றி, கரண்டியின் பின்பக்கத்தால் அமுக்குங்கள். மேலே நிற்கும் துண்டுகளும் நனைய வேண்டும். மூடி, ஃபிரிட்ஜில் குறைந்தது இரண்டு மணி நேரம். ராத்திரி முழுக்க இருந்தால் இன்னும் நல்லது. ஸ்டஃபிங் நன்றாக ஆறியபிறகே அடுக்குங்கள். சூடாக வைத்துப் பச்சை முட்டை ஊற்றி மணிக்கணக்கில் வைப்பது வயிற்றுக்கு ஆகாது.

காலையில் பாத்திரத்தை வெளியே எடுத்து அரை மணி நேரம் விடுங்கள். கண்ணாடிப் பாத்திரமானால் இது கட்டாயம். ஜில்லென்று இருப்பது சூடான ஓவனில் போனால் விரிசல் விடலாம். ஓவனை 180 டிகிரிக்குச் சூடாக்கி, மீதிச் சீஸைத் தூவி, அலுமினியத் தாளால் தளர்வாக மூடி இருபத்தைந்து நிமிடம், மூடியை எடுத்து இன்னொரு இருபது நிமிடம். மேசை மேல் வைக்கிற சின்ன மின் ஓவனான ஓடிஜியில், சூடாகும் மேல் கம்பி பாத்திரத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கும். அதில் கீழ்த் தட்டில் வைத்து, தாளைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் எடுங்கள். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவில் 170 டிகிரி போதும்.

வெந்ததா என்று மேல் நிறத்தை வைத்துச் சொல்லாதீர்கள். நட்டநடுவில் கத்தியைச் செருகி இரண்டு விநாடி வைத்து எடுங்கள். பால் ஒட்டாமல் வர வேண்டும், கத்தி நுனி தொட்டால் நன்றாகச் சுட வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 71 டிகிரி செல்சியஸ். முட்டை சேர்த்த கேசரோலுக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு அதுதான். பாத்திரத்தை ஆட்டினால் நடு லேசாகத் தளதளக்கலாம், அலையடிக்கக் கூடாது. வெளியே எடுத்துப் பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். உள்சூட்டில் வேகுவது தொடரும், வெட்டும்போது துண்டு துண்டாக வரும். அதிகம் சுட்டுவிட்டால் மூலைகளில் தெளிந்த நீர் தேங்கும். அது ஸ்டஃபிங் விட்ட தண்ணீர் அல்ல, இறுகிப்போன முட்டை பிழிந்து தள்ளியது. அடுத்தமுறை ஐந்து நிமிடம் முன்னதாகவே கத்தியைச் செருகிப் பாருங்கள்.

ஓவன் இல்லாத வீட்டில்

இரண்டு வழி சொல்கிறேன். இரண்டுமே வேறு ஊர்க்காரர்கள் காலங்காலமாக அடுப்பிலேயே செய்வது.

ஒன்று ஸ்பெயினின் உருளைக்கிழங்கு டோர்டில்லா. அரை கிலோ உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாக்கி, ஒரு பெரிய வெங்காயத்தோடு, முக்கால் கப் எண்ணெயில் மிதமான தீயில் இருபது நிமிடம் வேகவிடுங்கள். சிவக்கக் கூடாது, கரண்டியால் அமுக்கினால் உடைய வேண்டும். அங்கே ஆலிவ் எண்ணெய், நமக்குக் கடலை எண்ணெயும் ஒத்துவரும். எண்ணெயை வடித்து எடுத்துவிட்டு (அடுத்த வேளைத் தாளிப்புக்கு ஆகும்), கிழங்கை அடித்த ஆறு முட்டையில் போட்டுப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். கிழங்கு முட்டையைக் குடித்துக்கொள்ளும், அப்போதுதான் வெட்டும்போது அடுக்கு பிரியாது. 20 செ.மீ. சட்டியில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு ஊற்றி, சிம்முக்குக் கொஞ்சம் மேலான தீயில் ஐந்தாறு நிமிடம். ஓரம் பிடித்து, சட்டியை ஆட்டினால் மொத்தமாக நகரும்போது, சட்டியைவிடப் பெரிய தட்டால் மூடி, ஒரு கை தட்டின் மேல், ஒரு கை பிடியில் என்று ஒரே மூச்சில் கவிழ்த்து, தட்டிலிருந்து திரும்பச் சட்டிக்குள் சரியவிடுங்கள். பாதியில் தயங்கினால் அடுப்பு மேடை நாசம். பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் நின்று கவிழ்ப்பது புத்திசாலித்தனம். இன்னும் மூன்று நான்கு நிமிடம், முடிந்தது. வெங்காயம் போடலாமா கூடாதா என்று ஸ்பெயின்காரர்களுக்குள் ஓயாத சண்டை. நான் வெங்காயம் போடுகிற அணி, கூடவே இரண்டு பச்சை மிளகாய். ஆறிய பிறகும் ருசிக்கிற முட்டைப் பண்டம் இது, டிபன் பாக்ஸுக்குப் போகும்.

இன்னொன்று பார்சிகளின் ‘பர் ஈடு’. எதன் மேல் வேண்டுமானாலும் முட்டையை உடைத்து ஊற்றுவது அவர்கள் வீட்டு வழக்கம்: உருளைக்கிழங்கின் மேல், வெண்டைக்காயின் மேல், தக்காளியின் மேல். அகலமான சட்டியில் வெண்டைக்காயையோ தக்காளியையோ வெங்காயம், பச்சை மிளகாயோடு சுண்ட வதக்கி, இரண்டு விரல்கடை உயரத்துக்குச் சமமாகப் பரப்பி, கரண்டியால் நாலைந்து குழி செய்யுங்கள். குழிக்கு ஒரு முட்டை, மேலே உப்பு, மிளகுத்தூள். மூடி போட்டுச் சிம்மில் ஐந்து முதல் ஏழு நிமிடம். மூடியில் சேரும் ஆவித்தண்ணீர் சொட்டாமல் இருக்க மூடியின் உள்பக்கம் ஒரு சுத்தமான துணியைக் கட்டிவிடலாம். சட்டியோடு மேசைக்குக் கொண்டுபோய், பாவ் பன்னோடு பரிமாறுங்கள். சப்பாத்தியும் பொருந்தும், இட்லி பொருந்தாது.

பிரெட் கேசரோலையும் அடுப்பில் செய்யலாம். பழைய தோசைக்கல்லைச் சிம்மில் காயவைத்து, அதன் மேல் அடி கனமான மூடியுள்ள சட்டியில் மேற்சொன்ன அளவில் பாதியை வைத்து முப்பது முப்பத்தைந்து நிமிடம். அடி நன்றாகச் சிவக்கும், மேலே வெளுப்பாகவே இருக்கும். தட்டில் கவிழ்த்துப் பரிமாறினால் யாருக்கும் தெரியாது.

மீதியானால்

ஆம்லெட்டை எடுத்து வைக்காதீர்கள், மறுபடி சூடாக்கினால் தோல் மாதிரி ஆகிவிடும். கேசரோலும் டோர்டில்லாவும் ஃபிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், நம் வெயிலில் அதற்கும் முன்பே உள்ளே வைத்துவிடுவது நல்லது. கேசரோலைச் சூடாக்க மைக்ரோவேவைவிடத் தோசைக்கல் மேல்: ஒரு விரல் தடிமனுக்கு வெட்டி, சொட்டு நெய் விட்டு, மூடி போட்டுச் சிம்மில் ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம். ஓரமெல்லாம் மொறுமொறுப்பாகிவிடும். எங்கள் வீட்டில் முதல் நாள் துண்டைவிட இதற்குத்தான் போட்டி.